எதிரே போனவர்

என் வீட்டுக்காரர் லாசர் ஒரு விஷயத்தில் இறங்கி வந்துவிட்டார் என்று அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள நினைத்தால் ஆயுசு போதாது. அக்டோபர் மாசம் ஒருநாள் மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டே, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

"அந்தப் பையனுக்கு வளைவுல வந்தா வாந்தி வருமா?"

ரசம் ஊற்றப் போன கரண்டியை அப்படியே சட்டியில் விட்டுவிட்டேன். எந்தப் பையன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருப்பார்.

"நாலு வயசுப் பையனுக்கு வந்தாலும் வருமுங்க. முன் சீட்டுல உக்கார வெச்சா வராது."

"ம்" என்றார். அவ்வளவுதான். எட்டு வருஷமாக வீட்டுக்குள் வைத்துச் சோறு போட்டு வளர்த்த கோபம், அந்த ஒரு 'ம்'மில் எழுந்து வெளியே போனது.

பையன் என்றது எங்கள் மகள் ஸ்டெஃபியின் மகனை. ஸ்டெஃபி எட்டு வருஷத்துக்கு முன்னால், ஏற்காட்டில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்த பிரவீனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். சேலத்துப் பையன். தங்கமான குணம். ஆனால் வருஷம் தவறாமல் பழனிக்குக் காவடி எடுக்கிற குடும்பம். லாசரோ எங்கள் கோயிலில் பங்குப் பேரவை உறுப்பினர், திருவிழாவுக்குத் தேர் தூக்குகிறவர்களில் முதல் ஆள். கேட்க வேண்டுமா? ஏற்காட்டு மலையில் எங்கள் ஊரான மஞ்சக்குட்டை ஜீப் ஸ்டாண்டில், பத்துப் பேர் காதுபட, பெற்ற மகளைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே நீ இந்த மலை ஏறக் கூடாது."

அவளும் அப்பனுக்குப் பிறந்தவள்தானே. அன்றைக்குப் பஸ் ஏறி மலை இறங்கிப் போனவள், திரும்ப ஏறவே இல்லை. இப்போது ஹைதராபாத்தில் இருக்கிறார்கள். பிரசவத்துக்கு நான் மட்டும் ரயிலில் போய் வந்தேன். பிரவீனுடைய தாத்தா நினைவாகப் பையனுக்கு வேலவன் என்று பெயர் வைத்தார்கள். திரும்பி வந்து பெயரைச் சொன்னேன். லாசர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் ஜீப்பைக் கழுவினார். அன்று காலையில்தான் கழுவியிருந்தார்.

அந்த ஜீப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மஞ்சக்குட்டையிலிருந்து ஏற்காட்டுக்கு ஆள் ஏற்றுகிற வண்டி. கண்ணாடிக்கு மேலே, அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில், ஸ்டெஃபி பிறந்த வருஷம் அவள் பெயரை எழுதி வைத்தார். அதனால் ஊருக்கே அது ஸ்டெஃபி வண்டி. "ஸ்டெஃபி கெளம்பிருச்சா?", "ஸ்டெஃபி இன்னும் வல்லீங்களா?" என்று எட்டு வருஷமும் தினமும் அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆளை மலை ஏறாதே என்றவர், அந்தப் பெயரைத் தினம் மலை ஏற்றி இறக்கினார். இதை ஒருமுறை ஸ்டெஃபியிடம் சொன்னேன். "அழிக்கறதுக்குக் காசு ஆகுமுன்னு விட்டிருப்பாரு" என்றாள். அவள் வாயும் என் வாய்தான்.

வாந்தி பற்றிக் கேட்ட அன்றே நான் அவளுக்குப் போன் போட்டுவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒரு நிபந்தனை போட்டாள்.

"பிரவீனுக்கு லீவு கெடைக்காது. நானும் பையனும் சேலத்துக்கு ப்ளேன்ல வர்றோம். மலை ஏறாதேன்னு சொன்னவரே ஏர்போர்ட்டுக்கு வந்து எங்கள ஏத்திக்கிட்டுப் போகணும். வேற யாரையாச்சும் அனுப்பி வெச்சீன்னா அங்கிருந்தே பெங்களூர் பஸ்ஸ புடிச்சுப் போயிருவேன். அப்புறம் எந்தக் காலத்துலயும் கூப்புடாத."

"அவருகிட்ட நீயே ஒரு வார்த்த பேசேன் கண்ணு. நம்பர் தர்றேன்."

"வேண்டாம்மா. மொத வார்த்த மொகத்தப் பாத்துத்தான்."

லாசரிடம் சொன்னேன். "போன்ல பேசற பேச்சா இது" என்றார் அவரும். இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்கென்றே ஆண்டவர் என்னைப் படைத்திருக்கிறார் போலிருக்கிறது. சரி, இதுவும் ஆயிற்று.

நவம்பரில் வருவதாக முடிவானது. அதற்கு நாலு நாள் முன்னால், வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுக்கிற எஃப்.சி. எடுக்க வேண்டும் என்று ஜீப்பைச் சேலத்தில் பெயின்ட் கடையில் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தார். மகள் வருகிற நேரத்தில் இது ஒரு செலவா என்று சண்டை போட்டேன். அவள் வருகிற அன்று, கிறிஸ்துமஸுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் மலை இறங்கினார். சேலத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு ஓமலூர்ப் பக்கம் இருக்கிற ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டுப் போன் செய்தார்.

"ஒரு ஈ காக்கா இல்ல தெரசு. நாந்தான் இருக்கறேன்."

"ப்ளேனு மத்தியானமுங்க. நீங்க இப்பவே போனா?"

"இருக்கட்டும்."

எங்கள் வீட்டில் போன் சிக்னல் சமையலறை ஜன்னலில் மட்டும்தான் கிடைக்கும். அதனால் அன்று நடந்த எல்லாவற்றையும் நான் அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்றுகொண்டு காதால்தான் பார்த்தேன். கோழிக்குழம்பு கொதித்தது. வெளியே மழை. எதிரில் இருக்கிற காப்பித் தோட்டம்கூடத் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம்.

மத்தியானம் லாசர் மறுபடியும் கூப்பிட்டார். குரல் சரியில்லை.

"மேல சத்தம் கேக்குது. கண்ணுக்குத் தெரியல, ஒரே மேகம். ரெண்டு சுத்துச் சுத்துச்சு தெரசு. இப்ப சத்தமும் காணோம்."

கொஞ்ச நேரத்தில், மேகம் தரையோடு இருப்பதால் விமானத்தைக் கோயம்புத்தூரில் கொண்டுபோய் இறக்குகிறார்கள் என்று அங்கே சொன்னார்களாம். அதைச் சொல்லிவிட்டு இவர் கேட்டார், "நான் நிக்கறது தெரிஞ்சு போயிட்டாளோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமாங்க. உங்க சட்டையப் பாத்துட்டு பைலட்ட வண்டியத் திருப்பச் சொல்லிட்டா. சும்மா இருங்க, அவ கூப்புடுவா."

கூப்பிட்டாள். கோயம்புத்தூரில் இறங்கியாயிற்று. மேகம் விலகினால் திரும்ப விமானத்தில் ஏற்றுவார்களாம், இல்லையென்றால் சேலத்துக்குப் பஸ் வைப்பார்களாம், ஒன்றும் தெரியவில்லை என்றாள். பின்னால் பையன் அழுகிற சத்தம்.

"சேலத்துல யாரு வந்திருக்கறது?"

"யாருன்னு சொன்னேன் உனக்கு? உங்கப்பாதான். காத்தாலயே போயிட்டாரு."

"நெசமாவா?" என்றாள். அது என் மகளின் இன்றைய குரல் இல்லை, பள்ளிக்கூடத்துக் காலத்துக் குரல். "அம்மா, சார்ஜ் கம்மியா இருக்குது. இவன் பூரா பொம்மப் படம் பாத்துத் தீத்துட்டான்."

"நீ வெய்யி. நான் அவருகிட்டச் சொல்றேன்."

எங்கள் மலையில் ஒரு பழக்கம். வரவேண்டிய பஸ்ஸோ ஜீப்போ வரவில்லை என்றால் யாரும் உட்கார்ந்து காத்திருக்க மாட்டோம். எதிரே போய்விடுவோம். இருப்பது ஒரே ரோடு. கரடியூரிலிருந்து வந்தாலும் சரி, கொட்டச்சேட்டிலிருந்து வந்தாலும் சரி, அந்த ரோட்டில் ஏதாவது ஒரு வளைவில் ஆளைப் பிடித்துவிடலாம், தவறவே தவறாது. ஸ்டெஃபி பள்ளிக்கூடம் விட்டு வர நேரமானால் லாசர் டார்ச்சை எடுத்துக்கொண்டு எதிரே போவார். புத்தகப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவளை முன்னால் நடக்கவிட்டு வருவார். ஒருநாள்கூட இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போனதாகச் சரித்திரம் கிடையாது.

அதனால் நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை.

"நான் எதுக்கால போறேன்."

"போங்க" என்றேன் நானும். எனக்கும்தான் இந்த மலை புத்தி.

ஏற்காட்டு ஹோட்டல் ஒன்றில் கார் ஓட்டுகிற வேடியப்பனும் சேலம் ஏர்போர்ட்டில் நின்றிருந்தான். அதே விமானத்தில் வந்த அவனுடைய விருந்தாளிகள், வயசான தம்பதி, நாங்கள் பஸ்ஸில் எல்லாம் ஏற முடியாது, கார் இங்கே வரட்டும் என்று கோயம்புத்தூரில் உட்கார்ந்துவிட்டார்களாம். "ஏனுங்க லாசரண்ணா, உங்க ஜீப்பு ஹைவேல ஏறுனா நாளைக்குத்தானுங்க போய்ச் சேரும். என்ர வண்டில வாங்க" என்றிருக்கிறான். அது உண்மைதான். மலையில் அந்த ஜீப்பை யாரும் முந்த முடியாது, தரையில் டவுன் பஸ்கூட ஹாரன் அடிக்கும். ஜீப்பை ஏர்போர்ட்டிலேயே ஓரமாக விட்டுவிட்டு லாசர் காரில் ஏறிவிட்டார்.

"எவ்வளவு தூரமாம்?" என்று கேட்டேன்.

"வேடியப்பன் போன்ல நூத்தி அறுவத்தஞ்சு கிலோமீட்டருன்னு காட்டுது. ப்ளேன்ல அரை மணி நேரமாம். நமக்கு மூணு மணி ஆகுமாம்."

அங்கேயே இரு, அப்பா வருகிறார் என்று சொல்ல ஸ்டெஃபிக்குப் போட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுபடியும் போட்டேன். அதேதான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஒரே ரோடுதானே, பார்த்துக்கொள்வார்கள் என்று கோழிக்குழம்பை இறக்கி வைத்தேன். நானும் அந்த ரோட்டில் போயிருக்கிறேன். போகிறதற்கு ஒரு ரோடு, வருகிறதற்கு ஒரு ரோடு, நடுவில் ஆள் உயரத்துக்கு அரளிச்செடி. எதிரில் மகள் இல்லை, யானையே வந்தாலும் தெரியாது. இதெல்லாம் கண்ணால் பார்த்தவள்தான் நான். வீட்டு ஜன்னலில் நின்று யோசிக்கும்போது மட்டும் அந்த ரோடு எங்கள் ரோடு மாதிரியே இருந்தது.

நாலு மணிக்கு மேல் கோயம்புத்தூரிலிருந்து லாசர் கூப்பிட்டார்.

"தெரசு, பஸ் வெச்சு அனுப்பிட்டாங்களாம். நாங்க அங்க கெளம்பறப்பவே இங்கயும் கெளம்பிருச்சாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"விஜயமங்கலம் டோல்கேட்டுல நின்னப்ப எதுக்கால ஒரு பஸ் போச்சு. சன்னல்ல ஒரு பையன் கைய வெளிய நீட்டிட்டு வந்தான். கைய உள்ள போடு சாமீன்னு மனசுக்குள்ள நெனச்சேன். அந்த பஸ்ஸா இருக்குமோ?"

"இருக்கட்டும், இல்லாட்டிப் போகட்டும். நீங்க திரும்புங்க."

"திரும்பிட்டுத்தான் இருக்கறோம். அவ போய் எறங்கறப்ப நான் இருக்க மாட்டனே தெரசு."

அதைச் சொன்ன குரலை இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை. எனக்கு அவர் மேல் எத்தனையோ கோபம் உண்டு. மகளை எட்டு வருஷம் என்னிடமிருந்து பிரித்து வைத்த மனுஷன். ஆனால் அந்த நிமிஷம், அந்தக் காரில் முன்பின் தெரியாத விருந்தாளிகளுக்கு முன்னால் கிறிஸ்துமஸ் சட்டையோடு ஒடுங்கி உட்கார்ந்திருக்கிற ஆளை நினைத்து நெஞ்சு வலித்தது. ஸ்டெஃபிக்குப் போட்டேன். சுவிட்ச் ஆஃப். அந்தோணியாரே, தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் என்று உம்மைச் சொல்கிறார்களே, இந்தப் போனை ஒரு தரம் ஆன் பண்ணிக் கொடும் என்று கேட்டேன்.

ஐந்து மணியைத் தாண்டியதும் அவளே கூப்பிட்டாள். சேலம் ஏர்போர்ட்டில் வந்து இறங்கிச் சார்ஜ் போட்டிருக்கிறாள்.

"எங்கேம்மா உன் வீட்டுக்காரரு?" நிதானமாகத்தான் கேட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "பஸ்ல வந்தவங்க எல்லாரும் போயிட்டாங்க. நானும் இவனும்தான் நிக்கறோம்."

"உங்கப்பா உன்னக் கூப்புட எதுக்கால கோயமுத்தூரே போயிட்டாரு கண்ணு. ஏர்போர்ட்டு வரைக்கும் போயி, பஸ் போயிருச்சுன்னு தெரிஞ்சு இப்ப திரும்பி வந்துட்டு இருக்கறாரு."

"அம்மா, போதும்."

"நெசமா."

"கோயமுத்தூருக்கு? அவரு? எனக்காக?" சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. "அவரு மலையவே விட்டு எறங்கியிருக்க மாட்டாரு. உனக்கு அவரக் காப்பாத்தறதே பொழப்பாப் போச்சு. ஓமலூருக்கு எப்படிப் போறதுன்னு இங்க வாட்ச்மேனக் கேட்டிருக்கறேன். அங்க பெங்களூர் பஸ் நிக்குமாம்."

"ஜீப்பு அங்கதான் நிக்குது. பாரு."

"ஒன்னே ஒன்னு நிக்குது. பச்சை. அப்பா வண்டி நீலம்."

எனக்கே பச்சை என்று தெரியாது. நாலு நாளாக நான் அந்த வண்டியைப் பார்க்கவில்லையே. "பெயின்ட் அடிச்சிருக்கறாரு. முன்னால போய்ப் பாரு. பாத்துட்டு எந்த பஸ்ஸுல வேணும்னாலும் ஏறு. நான் கேக்க மாட்டேன்."

நடக்கிற சத்தம் கேட்டது. தூறலில் செருப்பு சளக்சளக் என்றது. பையன் ஏதோ கேட்டான். பிறகு சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இருந்தது.

"அம்மா."

"சொல்லு கண்ணு."

"என் பேரு இருக்குது."

"நான் சொன்னேனல்ல."

"அதுக்குக் கீழ..." என்று நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சினாள். "அதுக்குக் கீழ வேலவன்னு எழுதியிருக்குதும்மா. புதுசா. அந்தோணியாருக்குப் பக்கத்துலயே."

எஃப்.சி.யாம், எஃப்.சி. என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை பாவி மனுஷன். நாளையிலிருந்து அந்தப் பெயரைத் தலையில் வைத்துக்கொண்டு பங்குச்சாமியார் முன்னாலும் தேர் தூக்குகிறவர்கள் முன்னாலும் அவர் போய்வர வேண்டும். ஸ்டாண்டில் நிற்கிறவன் எல்லாம் வாசித்துப் பார்ப்பான். அது தெரிந்துதான் எழுதியிருக்கிறார்.

இரண்டு பேரும் அழுதோம். அவள் அங்கே, நான் இங்கே.

"வர எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள்.

"ரெண்டு, ரெண்டரை மணி நேரம்."

"இருக்கறோம்."

"நனையாத. வண்டிக்குள்ள ஏறி உக்காரு. சைடுல படுதாதான், பூட்டெல்லாம் இல்ல."

"மாட்டேன்மா." மறுபடியும் அப்பனுக்குப் பிறந்தவள் ஆகிவிட்டாள். ஆனால் இந்தத் தடவை குரலில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. "நானா ஏற மாட்டேன். ஏறாதேன்னு சொன்னவரு ஏறுன்னு சொல்லட்டும்."

வைத்துவிட்டு லாசருக்குப் போட்டேன். எடுத்ததும், "போயிட்டாளா?" என்றார்.

"போகல. உங்க வண்டிக்கு முன்னால மழைல நிக்கறா. பேரப் படிச்சுட்டா."

"ரெண்டு பேரையுமா?"

"ரெண்டையுமேதான்."

"சீட்டுக்கு அடியில ஒரு பையில பையனுக்கு சொட்டர் வாங்கி வெச்சிருக்கறேன். போட்டு உடச் சொல்லு. மழைல எதுக்கு நிக்கறா? வண்டில ஏறச் சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன்."

"என்ன தெரசு?"

"எட்டு வருசமா உங்க ரெண்டு பேரு பேச்சையும் தூக்கிச் சொமந்தாச்சுங்க. இனி என்னால முடியாது. நம்பர் சொல்றேன், கேட்டு மனசுல வெச்சுக்கங்க. ஏறாதேன்னு நீங்கதான சொன்னீங்க, நானா சொன்னேன்? ஏறுன்னும் நீங்களே சொல்லுங்க."

"மொகத்தப் பாத்து..."

"மொகத்த ராத்திரிக்குப் பாக்கலாமுங்க. பையன் மழைல நிக்கறான்."

நம்பரைச் சொன்னேன். ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொன்னார், பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி. கடைசியில், "என்னன்னு ஆரம்பிக்கறது?" என்றார்.

"கண்ணுன்னு ஆரம்பிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டேனே தவிர இருப்புக் கொள்ளவில்லை. குழம்பை மறுபடி சூடு பண்ணினேன். நாலு வயசுப் பையனுக்குக் காரம் ஆகாது என்று கொஞ்சம் தேங்காய்ப்பால் ஊற்றினேன். பேசியிருப்பாரா? ஒரு 'ம்' போட்டுவிட்டு வைத்திருப்பாரா? இவள் எடுத்திருப்பாளா? ஜன்னலுக்குப் போய் ஸ்டெஃபிக்குப் போட்டேன். நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது. லாசருக்குப் போட்டேன். அவரும் வேறொரு அழைப்பில் இருந்தார்.

கால் மணி நேரம் கழித்துப் போட்டேன். இரண்டு பேரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அரை மணி கழித்துப் போட்டேன். அப்போதும் அதே பதில். எனக்கு அவர்களிடம் கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. பையன் சொட்டர் போட்டானா, ஏதாவது சாப்பிட்டானா, கார் எங்கே வந்திருக்கிறது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. போனை ஜன்னலில் வைத்துவிட்டு, நாலு பேருக்கும் சேர்த்து அரிசி போட்டேன்.